கேட்டவர்கள் எழுந்து போன பாட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொய் சொல்ல வராது. நாங்கள் பயந்த குடும்பம். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான்தான். அதற்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட 'முதல் பட்டதாரி' சான்றிதழே இருக்கிறது. ராப் பாட வந்தபோது, ராப்பர்கள் முன்னால் போட்டுக்கொள்ளும் எம்.சி.யைச் சேர்த்து அதையே பெயராக வைத்துக்கொண்டேன்: எம்.சி. முதல் பட்டதாரி. தமிழ்நாட்டிலேயே அரசு முத்திரை உள்ள ஒரே ராப்பர் நான்தான். மற்றவர்கள் எல்லாம் தாங்களாகவே சொல்லிக்கொள்கிறவர்கள்.

"அந்தச் சான்றிதழ்ல ராப்பர்னு போட்டிருக்காடா?" என்றான் இளவழகன். என்னோடு படித்தவன். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு செல்போன் கடையில் வேலை. அந்தக் கடையைத் திறந்து போட்டுவிட்டு, அஞ்சலை அக்காவின் டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"போடலை. இல்லைன்னும் போடலையே" என்றேன்.

போன வாரம் வெளியான என் பாட்டின் பெயர் 'சான்றிதழ் சரிபார்ப்பு'. அதை இதுவரை ஒருத்தர்கூட முழுசாகக் கேட்டதில்லை. யாராவது ஒரே ஒருவர் கடைசிவரை கேட்டு, எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும், நிம்மதியாகத் தூங்குவேன். பாட்டு ஊத்திக்கொண்டது என்கிறான் இளவழகன். அது அவன் பொறாமை. கேட்கிறவர்களால் உட்கார முடியவில்லை, அதுதான் விஷயம்.

ராப் பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு ஒருவருடையதாக இருக்கும். நடுவில் இன்னொருவர் வந்து நாலு வரி பாடிவிட்டுப் போவார். அவர் கெஸ்ட். என் பாட்டுக்குக் கெஸ்ட், இதே பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் தவசி அண்ணன். "எதிர்ல பஸ் நிக்கலைன்னா எனக்கு வாய் வராது தம்பி" என்று சொல்லிவிட்டார். அதனால் நிஜ பஸ்ஸின் முன்னால் நிற்கவைத்தே பதிவு செய்தோம். 'நெய்வேலி வடலூர் குறிஞ்சிப்பாடி கடலூர்! உக்காந்து போலாம், உக்காந்து போலாம்!' அவ்வளவுதான் வரி. மூச்சுவிடாமல் சொன்னார். பதிவு செய்ய வந்த பையன் மைக்கோடு ஏறிப் போய்விட்டான். மைக்கை வடலூரில் போய்த்தான் மீட்டேன்.

"அவன் ஊரே வடலூர்தானே" என்றான் இளவழகன்.

அதைக் கண்டுகொள்ளாமல் மேலே சொன்னேன்.

வெளியீட்டு விழா, என் மாமா மகளின் காதுகுத்து. மண்டபம் நிறைய ஆட்கள். ஆயிரம் பேர் என்று சொல்லமாட்டேன், மனசாட்சி இருக்கிறது. ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. நான் பாடிய வரிகள் ஓடும்வரை எல்லோரும் அமைதியாகச் சாப்பிட்டார்கள். தவசி அண்ணன் குரல் வந்ததும் மொத்த மண்டபமும் எழுந்துவிட்டது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு ஓடினார். பஸ்ஸில் இடம் பிடிக்க மண்டபத்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டவர்கள் எத்தனையோ பேர். என் மாமா மகளுக்கு இன்றைக்கும் ஒரு காதில்தான் தோடு.

"பந்தி முடிஞ்சா எந்திரிச்சுப் போகத்தானே செய்வாங்க" என்றார் கோதண்டம் மாமா. சொந்த மாமா இல்லை, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர். இங்கே யார் என்ன சொன்னாலும் டிக்கெட் பரிசோதிப்பதுபோலத்தான் கேட்பார்.

"பாயசம் வர்றதுக்கு முன்னாடியா மாமா?"

அவர் டீ தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்குத் தைரியம் வந்தது.

அடுத்து ஒரு சிறைச்சாலை. பெயர் வேண்டாம், எனக்கு எதற்கு வம்பு. ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். கைதிகள் அத்தனை பேரும் வரிசையாகக் கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். தப்பித்தார்கள் என்று சொல்லக்கூடாது. வார்டர்கள் முன்னாலேயே ஓடிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டதால், சட்டப்படி கைதிகள் காவலில்தான் இருந்தார்கள். எல்லோரும் டிக்கெட் எடுத்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"கொலைக் கேஸ்காரனுமா?" என்றாள் அஞ்சலை அக்கா, பாலை ஆற்றிக்கொண்டே.

"அவர்தான்க்கா எல்லாருக்கும் சில்லறை குடுத்தாரு."

இளவழகன் குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது. நான் நிறுத்தவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நேர்முகத்தேர்வில் என் பெயரைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் நான்.

"மணிமுத்தாத்துல ஏன் தண்ணி இல்லைன்னு நினைக்கிறீங்க?" என்றேன்.

"டேய், ஆத்தை விடுடா" என்றார் கோதண்டம் மாமா.

விடவில்லை. பாலத்தின் மேல் நின்று ஒருத்தன் செல்போனில் என் பாட்டைப் போட்டிருக்கிறான். கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்த ஆறு அப்படியே நின்று கேட்டது. பிறந்த நாளிலிருந்து ஓடி ஓடியே களைத்த ஆறு. அதைப் பார்த்து இதுவரை யாராவது 'உக்காந்து போலாம்' என்று கூப்பிட்டிருக்கிறார்களா? எழுந்து வந்து பஸ்ஸில் ஏறிவிட்டது. கடலூரில் இறங்கிக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே மணல் மட்டும் மிச்சம்.

கோதண்டம் மாமா நெற்றியைச் சுருக்கினார். "ஆத்துக்கு டிக்கெட் போட்டானா, லக்கேஜ் போட்டானா?"

"அரை டிக்கெட் மாமா. கோடைக்காலம்ல, ஆறு சின்னதாத்தான் இருந்துச்சு."

அவர் தம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "போடுடா அந்தப் பாட்டை. ரிட்டயர் ஆன அன்னைக்குக் கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணினவன் நான், செத்தாலும் இனி பஸ்ல கால் வைக்க மாட்டேன்னு. உன் பாட்டு என்னைக் கிளப்புதான்னு பார்ப்போம்."

"நானும் எங்கேயும் போறதா இல்லை. கடை திறந்து கிடக்கு" என்றான் இளவழகன்.

அவர்கள் உட்கார்ந்திருந்தால் நான் புளுகன். எழுந்து போனாலோ, என் பாட்டைக் கேட்க ஆள் இல்லை. எது நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வது? யோசிப்பதற்குள் அக்கா என் போனைப் பிடுங்கிக் கடை ஸ்பீக்கரில் மாட்டிவிட்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. என் வரிகள். என் மதிப்பெண், என் சாதிச் சான்று, என் இருப்பிடச் சான்று என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. கோதண்டம் மாமா கொட்டாவி விட்டார். இளவழகன் நகத்தைப் பார்த்தான். அப்புறம் வந்தது அந்தக் குரல்.

'நெய்வேலி வடலூர் குறிஞ்சிப்பாடி கடலூர்!'

கோதண்டம் மாமாவின் கால் முதலில் துடித்தது. பிறகு தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது. "சத்தியம் மாமா, சத்தியம்!" என்று கத்தினேன். அதற்குள் துண்டு எதிரே நின்ற பஸ்ஸின் ஜன்னலுக்குள் பறந்துவிட்டது. பின்னாலேயே அவரும். இளவழகன் கையில் டீயோடு ஏறினான். பஜ்ஜி தின்றுகொண்டிருந்த, பெயர் தெரியாத இரண்டு பேரும் ஏறினார்கள். பஸ் கிளம்பியது. வெளியே நிஜத் தவசி அண்ணன் வாயைத் திறக்கவே இல்லை. ஓரமாக நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். இது சத்தியம்.

பெஞ்ச் காலி. ஆனால் அஞ்சலை அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நீ போகலையாக்கா?"

"இந்தக் குரலைப் பதினஞ்சு வருஷமா கேக்கறேன். எந்த பஸ்ல ஏறினேன்? அடுப்புல பால் இருக்குடா. பேசாம இரு, பாட்டு ஓடுது."

கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டியபடி, பாட்டின் முடிவில் வரும் ஹாரன் சத்தம் அடங்கும்வரை கேட்டாள். முழுசாக. உலகத்திலேயே முதல் ஆள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படிக்கா இருக்கு?"

"தவசி பிரமாதமாக் கூப்பிட்டிருக்கான். அவன் பாட்டுன்னு நீ சொல்லவே இல்லையே" என்றாள். பொங்கிய பாலை இறக்கி வைத்துவிட்டு, சந்தேகமாகத் திரும்பினாள். "முன்னாடியும் பின்னாடியும் ஒருத்தன் தொணதொணன்னு பேசிக்கிட்டே கெடக்கானே, அவன் யாருடா?"

எனக்குப் பொய் சொல்ல வராது என்று முதலிலேயே சொன்னேன். இருந்தாலும் அன்றைக்கு ஒன்று சொன்னேன்.

"அவன் கெஸ்டுக்கா."