தேயிலை தாண்டி வந்த சேவல்

“இந்த வருஷமும் கூமுட்டைதாம்மா” என்று மாசானம் அழாத குறையாகச் சொல்லி, பொரிக்காத முட்டை ஒன்றைக் குருவின் முன்னால் வைத்தார்.

நாச்சியாரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

மாசானம் அந்த மலை ஆசிரமத்தின் மூத்த சீடர். வயதில் குருவைவிடவும் மூத்தவர். ஆசிரமத்தைச் சுற்றி ஒரு துண்டுக் காடு. அதைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. அந்தத் துண்டுக் காட்டில் மிஞ்சியிருந்த காட்டுக்கோழிகளைக் காப்பாற்றுவதுதான் அவருடைய தவம்.

கீரி வந்தால் விரட்டுவார். எவனாவது கண்ணி வைத்தால் பிடுங்கி எறிவார். அப்படியும் கூட்டம் பெருகவில்லை. தப்பித்தவறிப் பொரித்த ஒரே குஞ்சும் காலை ஊன்ற முடியாமல் சரிந்து சரிந்து விழுந்தது. இன்று விடியும்போது செத்துக் கிடந்தது. அதைப் புதைத்த கையோடுதான் வந்திருந்தார்.

“இருக்கிறதுங்களும் போயிட்டா இந்தக் காட்டுல சேவல் கூவுறதே இருக்காது. நான் இன்னும் என்னதான் செய்யணும்?”

“இப்ப இருக்கிற சேவலோட அப்பன் யாரு?”

“இதே காட்டுச் சேவல்தான்.”

“பெட்டைங்களுக்கு?”

“அதுங்களுக்கும் அதே அப்பன்தான். வேற ஏது இங்க?”

“வெளியிலிருந்து ஒண்ணும் வரலையா?”

வந்தது. நினைத்தாலே மாசானத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். போன கோடையில் தேயிலைச் சரிவைத் தாண்டி ஒரு சேவல் வந்தது. சரியான ரவுடி. கூவலே ஒரு தினுசு. வந்த அன்றைக்கே நம் சேவலின் கொண்டையைக் கிழித்துவிட்டது. கவணை எடுத்து, வந்த வழியே துரத்திவிட்டதாக அவர் பெருமையாகவே சொன்னார்.

அம்மா முட்டையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மாசானத்துக்கு எரிச்சலாக வந்தது. கேட்டதற்கு ஒரு பதில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மாலையில் சீடர்கள் எல்லோரும் கூடினார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, காட்டுக்கோழி குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்றார்.

எல்லாத் தலைகளும் ஆடின. ஒருவர் ‘ஆகா’ என்றார். இதில் எத்தனை சூட்சுமம் இருக்கிறது என்று இன்னொருவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து மாசானத்திடம் நின்றார்.

“நீங்க என்ன சொல்றீங்க?”

“நீங்க சொன்னா சரிதாம்மா.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பொறுமை அவருக்கும் ஓர் அளவுக்குத்தான்.

“தை மாசம் ஒருத்தர் வந்தாரே. நான் ஒண்ணு சொன்னா ஒம்பது கேட்பார். அவர் எங்கே?”

அந்த ஆள் எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசியதையும், அதில் ஆசிரமத்து ஆட்களின் மனசு புண்பட்டதையும், தானே அவர் பையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பி வைத்ததையும் மாசானம் ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

“எந்தப் பக்கம் போனார்?”

“தேயிலையத் தாண்டி…”

சொன்ன வாய் மூடவில்லை.

அம்மா மடியை அவிழ்த்து, காலையில் அவர் கொண்டுவந்த முட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

மாசானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த கவணை உருவி அம்மாவின் காலடியில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பினார்.

“ரெண்டு பேர்ல யாரை முதல்ல கூட்டிட்டு வரட்டும்?”

“எது உங்களை முதல்ல கொத்துதோ, அதை.”