நீலக் காம்பு

அந்த ஆசிரமத்தில் பிரஷ்ஷுக்குச் சாவு அவ்வளவு சீக்கிரம் வராது. பல் தேய்த்துத் தேய்த்து முடி விரிந்துபோனால், வெந்நீரில் போட்டு எடுத்துக் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுவார்கள். மறந்துபோய் யாரும் வாயில் வைத்துவிடக் கூடாதல்லவா? பிறகு அது சீப்பின் அழுக்கெடுக்கும். அங்கிருந்து விளக்கு இடுக்குக்கு, குழாய் மூட்டுக்கு, கடைசியில் சாக்கடை மூடிக்கு. இறங்கிய பிரஷ் மேலே ஏறக் கூடாது. அது அங்கே சட்டம்.

சட்டத்தைக் காவல் காத்தவர் வெள்ளியங்கிரி. அறுபதைத் தாண்டியவர். குரு திலகவதி அம்மாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

அவர் ஆசிரமத்துக்கு வந்த கதை சின்னது. பெருந்தொற்றுக் காலத்தில் மனைவி பூவாத்தாள் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினாள். மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். முகத்தைக் காட்டவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற விடவில்லை.

வந்த அன்றே கேட்டார். "அம்மா, அவள நான் இன்னும் வழியனுப்பலைங்க. எப்படி அனுப்பறது?"

அம்மா பழைய பிரஷ்கள் கிடந்த டப்பாவை எடுத்து நீட்டினார்.

"இத இனிமே நீங்க பாத்துக்குங்க."

பதில் வரவில்லை, வேலை வந்தது. வெள்ளியங்கிரி வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலையில் ஒவ்வொருவர் பிரஷ்ஷையும் எட்டிப் பார்ப்பார்.

"ஏனுங்கய்யா, என் பல்லு போச்சான்னு பாக்கறீங்களா, பிரஷ்ஷு போச்சான்னு பாக்கறீங்களா?" என்பாள் சமையல் ருக்குமணி.

"பல்லு போனா உனக்கு நட்டம். பிரஷ்ஷு போனா ஆசிரமத்துக்கு லாபம்."

ஆனால் அவருடைய அறையில், கண்ணாடி டம்ளரில், அவர் பிரஷ்ஷோடு இன்னொன்றும் நின்றது. நீலக் காம்பு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் பூவாத்தாள் விட்டுப் போனது. அதில் அவர் நூல் கட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மழை ஓய்ந்த ஒரு காலையில் ஆசிரமத்திலேயே இருந்த மாரண்ணன் இறந்துபோனார். டவுனிலிருந்து ஓடையில் மிதந்து வரும் பிளாஸ்டிக்கை, இடுப்பளவு தண்ணீரில் நின்று வாரிக் கரையில் போட்டவர். சொந்தமென்று யாரும் கிடையாது.

முற்றத்தில் பலகை போட்டுக் கிடத்தினார்கள்.

"நீங்களே குளிப்பாட்டுங்கய்யா," என்றார் அம்மா.

வெள்ளியங்கிரி தண்ணீர் ஊற்றினார். சீயக்காய் தேய்த்தார். விரலிடுக்குச் சேறு போயிற்று. நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

"பிரஷ் ஒண்ணு கொண்டு வாங்க," என்றார் அம்மா.

வெள்ளியங்கிரி டப்பாவைக் கிளறினார். மழையில் அடைத்துக்கொண்ட சாக்கடைகளுக்கு அத்தனையும் இறங்கிவிட்டிருந்தன. ஒன்றைக் கூசிக்கொண்டே நீட்டினார்.

"இது எங்க இருந்தது?"

"சாக்கடை மூடியிலங்க."

"மேல ஏறக் கூடாதுன்னு நீங்கதானே காவல் காக்கறீங்க?"

"கடைக்குப் போயிப் புதுசு வாங்கியாரட்டுங்களா?"

"இத்தன வருசமா ஓடையிலிருந்து இந்தப் பிளாஸ்டிக்கத்தான் வாரிப் போட்டாரு. அவருக்காகப் புதுசா ஒண்ணு வாங்கறதா?"

"அப்ப என்னோடதத் தர்றனுங்க."

"நாளைக்கு நீங்க எதுல பல்லு தேய்ப்பீங்க? அதுக்கும் புதுசுதான் வரும்." அம்மா மாரண்ணனின் ஈரக் கையைத் துணியால் ஒற்றினார். "சும்மா நிக்கறது ஏதாவது இருந்தா கொண்டு வாங்க."

வெள்ளியங்கிரி கையிலிருந்த பிரஷ்ஷைத் திரும்ப டப்பாவில் போட்டார். பாடைக்கு மூங்கில் வெட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அறைக்குப் போனார். டம்ளர் முன்னால் நின்றார். நீலக் காம்பின் முடிகளுக்குள்ளே, காய்ந்த பேஸ்ட்டின் வெள்ளை இன்னும் ஒட்டியிருந்தது. அவள் பிதுக்கிய பேஸ்ட். தண்ணீர் பட்டால் அதுவும் போய்விடும்.

கொண்டுவந்தார். சொம்பில் முக்கினார். வெள்ளை கரைந்தது.

மாரண்ணனின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். அடுத்த விரல். அதற்கடுத்தது. குழந்தைக்குச் செய்வதுபோல ஒவ்வொரு நகமாக. பாதியிலேயே தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. கை மட்டும் நிற்கவில்லை. "பூவாத்தா... பூவாத்தா..." என்று அவர் வாய் முணுமுணுத்தது. ருக்குமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புதைத்துவிட்டு வந்து எல்லோரும் குளித்தான பிறகு, வெள்ளியங்கிரி அம்மாவிடம் வந்தார். கையில் மடித்த துண்டு. துண்டுக்குள் நீலக் காம்பு.

"நல்லாக் கழுவிட்டனுங்கம்மா. திரும்ப டம்ளர்லயே வெச்சுக்கட்டுங்களா?"

அம்மா துண்டைப் பார்த்தார். பிறகு கொல்லைப்புறம் பார்த்தார்.

"தண்ணித் தொட்டிப் படியெல்லாம் பாசி புடிச்சு வழுக்குதுங்கய்யா," என்றார். "ருக்குமணிக்கு இது ஏழாம் மாசம்."