நீச்சல் தெரிந்த முயல்

மருதவனத்தில் மிருகங்களுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. கல்லூரியை ஒட்டி, அல்லிக்குளத்தின் கரையில், மாணவர் விடுதி. முதலாமாண்டில் சேர வந்திருந்த கதிரேசன் என்ற முயல், மடியில் ஒரு தேக்கிலையை வைத்துக்கொண்டு விடுதி வாசலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தேக்கிலைதான் விடுதி விண்ணப்பம். பெயர், உணவு, பழக்கங்கள், பொழுதுபோக்கு, குறைகள் ஆகிய ஐந்தையும் அதில் நகத்தால் கீறித் தர வேண்டும். அதைப் படித்துவிட்டு, யாருக்கு எந்த அறை, யாரோடு யார் என்று வார்டன் முடிவு செய்வார்.

வார்டன் ஓர் உடும்பு. பெயர் தணிகாசலம். பிடித்தால் பிடித்ததுதான். இலையில் எழுதியிருப்பதை அப்படியே நம்புவார். நம்பியதும் வாலைச் செம்மண் குழம்பில் தோய்த்து ‘சத்’தென்று ஒரு முத்திரை குத்துவார். எழுதியது பொய் என்று தெரிந்தாலோ, எல்லோர் முன்னிலையிலும் இலையைக் கிழித்துவிடுவார். இலை கிழிந்தால் விடுதியில் இடமில்லை.

கதிரேசனின் ஊர் இரண்டு மலை தாண்டி இருந்தது. தினமும் போய் வர முடியாது. விடுதியில் இடம் போனால் படிப்பும் போனது. அதன் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் முயல் அதுதான். புறப்பட்ட அன்று சொந்தக்காரர்கள் முப்பத்தாறு பேர் வரிசையாக நின்று காதை ஆட்டி வழியனுப்பியிருந்தார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால், நல்ல இலையாக எழுதித் தர வேண்டும் என்பதில் அது கவனமாக இருந்தது.

பக்கத்தில் அழகப்பன் என்ற முள்ளம்பன்றி சரசரவென்று எழுதி முடித்துவிட்டது.

“என்னடா எழுதியிருக்கே?” என்று கதிரேசன் எட்டிப் பார்த்தது.

முள்ளம்பன்றி மறைக்காமல் காட்டியது. ‘குறைகள்: உடம்பெல்லாம் முள். பக்கத்தில் படுத்தால் குத்தும். வேர் கடிக்கும்போது சத்தம் வரும்.’

“உனக்கென்ன மூளை கலங்கிப் போச்சா? இதைப் படிச்சா எவன்டா உன்கூடத் தங்குவான்?”

“முள் இருக்கே. வந்து பார்த்தா தெரியத்தானே போகுது?”

“தெரியறப்போ தெரியட்டும். முதல்ல நல்ல அறையைப் பிடிக்கணும்டா.”

கதிரேசன் தன் இலையை எழுதத் தொடங்கியது. ‘உணவு: புல், கிழங்கு. பழக்கங்கள்: சூரியனுக்கு முன்னால் எழுவேன். குறைகள்: எதுவும் இல்லை.’ பொழுதுபோக்கில் வந்து நின்றுவிட்டது. உண்மையில் அதன் பொழுதுபோக்கு புதரில் ஒளிந்துகொண்டு சும்மா இருப்பது. அதை எப்படி எழுதுவது?

குளத்தைப் பார்த்தது. ‘நீச்சல்’ என்று எழுதியது. பார்க்க நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கட்டுமே என்று, ‘மூன்று முறை முதல் பரிசு’ என்று சேர்த்தது. பனித்துளியைவிட ஆழமான தண்ணீரில் அது கால் வைத்ததே இல்லை.

வார்டன் இலையை வாங்கிப் படித்தார். நாக்கை ஒருமுறை வெளியே நீட்டி உள்ளே இழுத்தார்.

“முயலுக்கு நீச்சலா?”

“ஆமாங்க ஐயா.”

“ரொம்ப நல்லது.” சத்! முத்திரை விழுந்தது. “பதினாலு பேர்ல பதின்மூணு பேர் வந்தாச்சு. ஆமை ஒருத்தன்தான் பாக்கி. போன மாசமே கிளம்பிட்டானாம். அவன் வாசல்ல கால் வெச்சாத்தான் சேர்க்கையை முடிக்க முடியும்.”

மறுநாள் காலை அறைப் பட்டியல் வந்தது. முள்ளம்பன்றிக்குப் பாறைக்கு அடியில் இருக்கும் முதல் அறை. காய்ந்த தரை, விசாலமான இடம், இளவெயில் உள்ளே வரும். கூடத் தங்க யாரும் இல்லாததால் முழு அறையும் அதற்கே.

கதிரேசனுக்கு ஆறாம் அறை. அறைத்தோழன், வீரபாகு என்ற நீர்நாய்.

நீர்நாய் கரையிலேயே காத்திருந்தது. கதிரேசனைப் பார்த்ததும் நாலு குட்டிக்கரணம் போட்டது.

“வா மாப்ளே, வா! உனக்காகத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“அறை எங்கே?”

“இதோ, கரைக்குள்ளதான். தண்ணியில ரெண்டு முழம் முங்கி, வலது பக்கம் திரும்பினா வாசல். நீச்சல் தெரிஞ்சவங்களுக்குன்னே வார்டன் பார்த்துப் பார்த்துக் குடுத்திருக்கார். நீ முன்னால போ.”

கதிரேசன் ஓர் அடி பின்வாங்கியது. “அது வந்து... நான் ஒரு விரதத்துல இருக்கேன். நாற்பத்தெட்டு நாள். தலை நனையக் கூடாது.”

“எங்க ஊர்ல விரதம்னா முதல்ல தலை முழுகச் சொல்வாங்களே?”

“எங்க ஊர்ல வேற மாதிரி.”

நீர்நாய் நல்ல மனசுக்காரன். மேலும் கேட்கவில்லை. அறையின் கூரையில் காற்று வர ஒரு சின்னத் துளை இருந்தது. அதை மேலிருந்து தோண்டிப் பெரிதாக்கி, முயலை அந்த வழியாக உள்ளே இறக்கிவிட்டது.

உள்ளே சுவரெல்லாம் ஈரம். கட்டில் முழுக்கப் பாசி. காலையில் எழுந்தால் கதிரேசனின் காதுகள் பிழியாத துணி மாதிரி தொங்கின. அது இடைவிடாமல் தும்மியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில்தான் அதற்கு ஆச்சரியம். நீர்நாய் மீன் தின்னும் என்று அது கேள்விப்பட்டிருந்தது. ஆனால் வீரபாகுவோ எதிரே உட்கார்ந்து அருகம்புல்லை மென்றுகொண்டிருந்தது.

“நீ சைவமா?” என்று கதிரேசன் கேட்டது.

“சுத்த சைவம். இலையிலேயே எழுதியிருக்கேனே.” நீர்நாயின் கண்ணில் தண்ணீர் நின்றது.

“புல் எப்படி இருக்கு?”

“பிரமாதம்” என்றது நீர்நாய், விழுங்க முடியாமல்.

எவ்வளவு கட்டுப்பாடான பிறவி என்று கதிரேசன் வியந்துபோனது. நீர்நாய் கட்டுப்பாடு இல்லாமல் செய்தது ஒன்றே ஒன்றுதான்: பேச்சு. விடிந்ததும் தொடங்கினால் பொழுது சாயும்வரை நிற்காது.

“எங்க வீட்ல நாங்க பதினோரு பேர், மாப்ளே. ஒருத்தன் வாலை ஒருத்தன் தலைக்கு வெச்சுத்தான் தூங்குவோம். தனியா இருன்னு சொன்னா நான் செத்தே போயிடுவேன். வாடை அடிக்கிறவனுக்குத் துணை கிடைக்காதுன்னு இங்கே எல்லாரும் பயமுறுத்தினாங்க. நல்ல வேளை, எனக்கு நீ கிடைச்சே.”

ஆறாம் நாள் வார்டன் எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தார்.

“நாளைக்குக் கருங்காட்டுக் கல்லூரியோட நீச்சல் போட்டி. நம்ம பக்கம் கதிரேசன் நீந்துவான். மூணு தடவை முதல் பரிசு வாங்கினவன்.”

“ஐயா, எனக்கு விரதம்...”

“விரதம் இலையில இல்லையே” என்றார் வார்டன்.

கதிரேசன் நேராக முள்ளம்பன்றியின் அறைக்கு ஓடியது. காய்ந்த தரையில் காலை வைத்ததும் அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தது.

முள்ளம்பன்றி ஒரு வேரைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னது. “போய் உண்மையைச் சொல்லிடேன்.”

“சொன்னா இலையைக் கிழிச்சிடுவார். வீட்டுக்குப் போகணும்.”

“சொல்லாட்டி?”

“முழுகிடுவேன்.”

“இதுல எது தேவலை?”

கதிரேசன் வெகுநேரம் தலையைச் சொறிந்தது. “யோசிச்சுச் சொல்றேன்” என்றது.

யோசித்து முடிப்பதற்குள் மறுநாள் வந்துவிட்டது. கரை முழுக்கக் கூட்டம். எதிர்த்தரப்பில் ஒரு வாத்து இறக்கையைக் கோதிக்கொண்டு தயாராக மிதந்தது. மீன்கொத்தி சீழ்க்கை அடித்தது. வாத்து கிளம்பிவிட்டது.

கதிரேசன் அசையவில்லை.

“குதிடா கதிரேசா!” என்று கூட்டம் கத்தியது. நாலு காலும் சேர்ந்து நடுங்கியதில் கரைச் சேறு வழுக்கி, அது தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான். மேலே வரவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் தெரியவில்லை.

“ஆழத்துல நீந்துறான் போல” என்றார் வார்டன்.

கதிரேசனுக்கு எங்கும் பச்சையாகத் தெரிந்தது. முப்பத்தாறு சொந்தக்காரர்களும் வரிசையாகக் காதை ஆட்டினார்கள். அப்புறம் யாரோ பிடரியைப் பிடித்து இழுத்தார்கள்.

கண் விழித்தபோது அது கரையில் கிடந்தது. மேலே வீரபாகுவின் முகம். அந்த முகத்தின் வாயில் கொழுத்த விரால் மீன் ஒன்று வாலை அடித்துத் துடித்துக்கொண்டிருந்தது. முயலைத் தூக்கி வருகிற வழியில் மூக்குக்கு நேரே வந்திருக்கிறது. ஆறு நாள் பசி. பாவம், வாய் தானாகக் கவ்விவிட்டது.

“டேய்,” என்றது கதிரேசன் இருமிக்கொண்டே, “நீ சைவம்தானே?”

நீர்நாய் மீனை அவசரமாக விழுங்கியது. “டேய், நீ மூணு தடவை பரிசு வாங்கினவன்தானே?”

வார்டன் உள்ளே போய் இரண்டு தேக்கிலைகளை எடுத்து வந்தார்.

கதிரேசன் எழுந்து நின்றது. காதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ஐயா, எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணின்னாலே பயம். விரதமும் பொய். வீரபாகு துணைக்கு ஆள் வேணும்னுதான் சைவம்னு எழுதினான். என் இலையை மட்டும் கிழிச்சிடுங்க. அவன் என் உயிரைக் காப்பாத்தினவன்.”

வார்டன் ‘சர்’ரென்று இரண்டு இலைகளையும் கிழித்தார். பிடித்தால் பிடித்ததுதான் அல்லவா!

கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டு மூட்டை கட்டத் திரும்பியது.

“ஐயா,” என்றது முள்ளம்பன்றி, “இலை கிழிஞ்சவங்க புது இலை எழுதித் தரலாமா?”

வார்டன் யோசித்தார். “கூடாதுன்னு விதியில இல்லை. சேர்க்கை முடியறதுக்குள்ள தரணும்.”

“சேர்க்கை எப்போ முடியும்?”

“ஆமை வாசல்ல கால் வெச்சதும்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சரிவில் ஆமை வந்துகொண்டிருந்தது. வாசலுக்கு இன்னும் இருபது முழம்தான்.

“டேய், மெதுவா வாடா!” என்று நீர்நாய் கத்தியது. ஓர் ஆமையிடம் யாரும் இதுவரை சொல்லாத சொல் அது. ஆனால் ஆமைக்குக் காது கேட்கவில்லை. அது வந்துகொண்டே இருந்தது.

யாரோ இரண்டு தேக்கிலைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். கதிரேசனின் நகம் தண்ணீரில் ஊறிக் கொழகொழவென்று மடங்கியது. இலையில் ஒரு கோடுகூட விழவில்லை. முள்ளம்பன்றி சட்டென்று தன் முதுகிலிருந்து இரண்டு முட்களைப் பிடுங்கி நீட்டியது. “இந்தாங்க, எழுதுங்க.”

நீர்நாய் எழுதியது: ‘மீன் தின்பேன். வாடை அடிக்கும். ஓயாமல் பேசுவேன். தனியாக இருக்க முடியாது.’

கதிரேசனும் எழுதியது. ‘நீச்சல் தெரியாது. ஈரம் ஆகாது. இடிச் சத்தத்துக்கு நடுங்குவேன். தூக்கத்தில் பின்காலால் உதைப்பேன். பொழுதுபோக்கு: புதரில் சும்மா இருப்பது.’ முன்பக்கம் நிறைந்து, இலையைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதியது. ஆமை பத்து முழத்தில் வந்தது. ஐந்து முழத்தில் வந்தது. கதிரேசன் கடைசி வரியை முடித்து ஒரே தாவாகத் தாவியது. ஆமையின் கால் வாசலைத் தொட்டபோது, நீர்நாயின் இலையோடு அதன் இலையும் வார்டனின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

வார்டன் மூன்று இலைகளையும் நிதானமாகப் படித்தார். ஆமை வழியிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்த இலையில், ‘குறைகள்: காது மந்தம். மூக்கில் எந்த வாடையும் ஏறாது’ என்று இருந்தது.

“நீர்நாய்க்குத் துணை ஆமை” என்றார். சத்! சத்! “முயலுக்கு முள்ளம்பன்றியோட அறை. ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கோ.” சத்!

அதன் பிறகு ஆறாம் அறையில் நீர்நாய் நாள் முழுக்க மீன் தின்றுகொண்டே பேசியது. ஆமை ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. முதல் அறையில் கதிரேசன் காய்ந்த தரையில் காதைப் பரப்பிப் படுத்துக்கொண்டது. அவ்வப்போது தூக்கத்தில் உதைத்தது. உதைத்த காலில் முள் குத்தியது.

“எழுதியிருந்தேனே” என்றது முள்ளம்பன்றி.

“நானும்தான்” என்றது முயல்.

சொல்லிவிட்ட குறையோடு யாரோடும் சேர்ந்து வாழலாம். இல்லாத பெருமையைச் சொல்லி இடம் பிடித்தவன் அந்த இடத்திலேயே மூழ்க வேண்டியிருக்கும்.