பூஜ்யம் காட்டிய அறை

குரு என்றால் நரைத்த தாடி இருக்கும் என்றுதான் வேதகிரி நினைத்திருந்தார். தாடியும் நரையும் அவருக்கே இருந்தன. வாய்த்த குருவுக்கு முப்பத்தொரு வயது, பெயர் சுகிர்தா. ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பவள். முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்த வேதகிரி, ஐம்பத்துநாலு வயதில் அவளிடம் வந்து சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

கருவிகளில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் பெரிய மெஷின் எதுவும் அங்கே கிடையாது. ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் ஹோல்டரில் மாட்டிய பதினைந்து வாட்ஸ் பல்ப், தேய்ந்துபோன மீட்டர், இரண்டு முனையிலும் வயர் பற்றவைத்த ஒரு ரெசிஸ்டர். விரல்நுனி அளவுதான் இருக்கும். அதற்கு சுகிர்தா ‘பேஷன்ட்’ என்று பேர் வைத்திருந்தாள். மனித உடம்பு கரண்டுக்கு எவ்வளவு தடை கொடுக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு தடையை அதுவும் கொடுக்கும்.

“ஷாக் அடிச்சா முதல்ல இவருக்கு அடிக்கட்டும்” என்பாள்.

சோதித்துத் தேறிய கருவிமேல் பச்சைச் சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போடுவது அங்கே வழக்கம். சோதனையெல்லாம் வேதகிரி செய்வார். கையெழுத்தை மட்டும் அவள் போடுவாள். வெளியே சொல்லவில்லையே தவிர, இது அவருக்கு உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அன்று காலை பிரசவ அறையில் எட்டு மாத இரட்டைக் கர்ப்பக்காரி ஒருத்தி வலியோடு வந்து படுத்திருந்தாள். குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் பன்னிரண்டு மணிக்குள் தயாராக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தைகள் அறையில் மழை ஒழுகியதால் வார்மரைப் பின்பக்கத்து அறைக்குத் தள்ளிவந்திருந்தார்கள்.

வேதகிரி பிஸ்கட் டின்னைத் திறந்தார். சுவரில் இருந்த பிளக் துவாரங்களில் பல்பை வைத்தார். கரண்ட் வரும் ஃபேஸ், அது திரும்பிப் போகும் நியூட்ரல், கசிந்ததை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் என்று மூன்று துவாரம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் அதே பளிச். வார்மரின் இரும்பு உடம்பில் ‘பேஷன்ட்’டை மாட்டினார். கசிவு நாற்பது மைக்ரோஆம்ப் என்று மீட்டர் காட்டியது. நூறுக்கு மேல் போகக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. கடைசியில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்தார்.

“சுத்தமா பூஜ்யம் மேடம்! இப்படி ஒரு ரூம் இந்தக் கட்டடத்துலயே கிடையாது.”

சுகிர்தா மீட்டரை எட்டிப் பார்த்தாள்.

“இன்னிக்காவது நான் கையெழுத்துப் போடலாமா மேடம்? எத்தனை நாள் கழிச்சு போடலாம்னாவது சொல்லுங்க.”

“கொதிக்க வைக்கிற ஸ்டெரிலைசரைக் கொண்டாங்க அண்ணா.”

கேட்டது ஒன்று, வந்த பதில் வேறொன்று. முனகிக்கொண்டே போய்த் தூக்கி வந்தார். வார்மருக்கு வரும் அதே லைனில், பக்கத்துப் பிளக்கில் மாட்டினார். ஸ்டெரிலைசர் நிறைய கரண்ட் குடிக்கும். தண்ணீர் சத்தம் போட ஆரம்பித்தது.

“இப்ப மீட்டர் என்ன சொல்லுது?”

“அதே பூஜ்யம்தான். ஒரு புள்ளிகூட அசையல.”

“இதையே முன்வார்டுல மாட்டிப் பாருங்க.”

அங்கே மாட்டியதும் மீட்டர் ஒன்றரை வோல்ட்டுக்கு ஏறியது.

“எந்த ரூம் நல்ல ரூம்?”

“இதுல என்ன சந்தேகம்? பின்ரூம்தான்.”

“கால்ல முள்ளு குத்துது, எனக்கு வலிக்கவே இல்லன்னு சர்க்கரைக்காரர் ஒருத்தர் வந்து சொல்றார். டாக்டர் சபாஷ்னா சொல்லுவார்?”

வேதகிரி சிரித்தார். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டார்.

“இந்த ரூம் மெயினை அணைச்சுட்டு அந்தப் பிளக் போர்டைத் திறந்து பாருங்க. நான் பிரசவ ரூம்ல என்ன நிலவரம்னு பார்த்துட்டு வர்றேன்” என்று சொல்லி அவள் போய்விட்டாள்.

மெயினை அணைத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றும்போதே அவர் கைக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. மூடியைத் தூக்கினார். நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு நாலு அங்குலச் சிவப்பு வயர் ஒன்று வளைந்து போனது. கரண்ட் ஓடும் நியூட்ரல் எர்த்தைவிடக் கொஞ்சம் வோல்ட் ஏறத்தான் வேண்டும்; இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் மீட்டருக்கு எப்போதும் பூஜ்யம்தான். முனையைச் சுற்றிய விதம், கடைசியில் பிளையரால் கொடுத்த ஒரு நெளிப்பு. ஊரில் அப்படி நெளிப்பவர் ஒரே ஒருவர்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இந்த ஆஸ்பத்திரிக்கு அவர் வயரிங் போட்டபோது, திறப்பு விழாவுக்கு முதல் நாள். இந்த அறைக்கு எர்த் வயர் இழுக்க மறந்திருந்தார்கள். காண்ட்ராக்டர் கத்திக்கொண்டிருந்தார். சோதிக்க வந்தவர் பல்பும் கையுமாக அடுத்த அறையில் நின்றார். வேதகிரி சிவப்பு வயரில் ஒரு துண்டு வெட்டி நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட்டார். பல்ப் பளிச்சென்று எரிந்தது. கெட்டிக்காரன் என்று தோளில் தட்டிக்கொடுத்தார்கள். நாளைக்கு வந்து சரி செய்துவிடலாம் என்று நினைத்தார். அந்த நாளை இத்தனை வருஷம் வரவே இல்லை.

சுற்றிலும் யாருமில்லை. வயர்த் துண்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். எர்த் இழுக்கவில்லை மேடம், எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவர் கை ஒருமுறை போர்டுக்குள் போகத்தான் செய்தது. வெளியே வந்தபோது வெறுங்கையாக வந்தது. அவமானத்தில் காது சுட்டது.

சுகிர்தா திரும்பி வந்தபோது போர்டு திறந்தபடியே இருந்தது.

“இது நான் போட்டது மேடம். என் கையால போட்டது.”

அவள் குனிந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“ஆனா ஒன்பது வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலையே” என்றார், ஈனக் குரலில்.

சுகிர்தா நிமிர்ந்தாள். அந்த அறைக்கு வரும் நியூட்ரல் வயரை மெயின் போர்டிலிருந்து கழற்றினாள். வார்மரை மட்டும் பிளக்கில் விட்டுவைத்தாள். ஜன்னல் வழியாக நீள வயர் ஒன்றை வெளியே இருந்த எர்த் குழாயில் கட்டிவிட்டு வந்து, பல்பின் ஒரு முனையை அதில் சேர்த்தாள். மறுமுனையை வார்மரின் இரும்புக் கம்பியில் கவ்வவிட்டாள். வார்மரைத் தொடாமல் விலகி நிற்கச் சொன்னாள்.

“மெயினைப் போடுங்க.”

வேதகிரி போட்டார். வார்மர் எரியவில்லை. அதன் விளக்குகள் எல்லாம் இருண்டு கிடந்தன. வார்மரின் உடம்பில் கவ்வியிருந்த பல்ப் மட்டும் பளிச்சென்று எரிந்தது, ஒன்பது வருஷத்துக்கு முன் எரிந்த அதே பளிச். நியூட்ரலில் திரும்ப வழியில்லாத கரண்ட், சிவப்பு வயர் வழியாக வார்மரின் உடம்புக்கே வந்திருந்தது.

“நியூட்ரல் வயரை எலி கடிச்சாலும் இதேதான். வார்மர் எரியல. குழந்தைகளைப் பார்த்துக்கிற ஜெசிந்தா சிஸ்டர் என்ன பண்ணுவாங்க அண்ணா?”

“என்னாச்சுன்னு தொட்டுப் பார்ப்பாங்க.”

“எந்தக் கையால?”

அவர் எரியும் பல்பைப் பார்த்தார். “ஒரு கையாலதான். இன்னொரு கையில புள்ளை இருக்கும்.”

சுகிர்தா மெயினை அணைத்தாள்.

“மணி பத்தேகால். வெளி எர்த்துல இருந்து பச்சை வயர் இழுக்கணும். எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒண்ணேகால் மணி நேரத்துல முடிப்பேன்.”

சொன்ன மாதிரியே முடித்தார். வேலை என்று வந்துவிட்டால் அந்தக் கை தடுமாறாது. சுவரோரமாகப் பச்சை வயரை இழுத்து, கிளிப் அடித்து, சிவப்புத் துண்டைக் கழற்றி எறிந்து, மெயின் போர்டில் நியூட்ரலைத் திரும்ப முறுக்கினார். ஸ்டெரிலைசரை மாட்டிவிட்டு மீட்டரை வைத்தார். ஒன்று புள்ளி இரண்டு வோல்ட். அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. பல்பு, ‘பேஷன்ட்’ எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

பன்னிரண்டு நாற்பதுக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. ஜெசிந்தா சிஸ்டர் ஒன்றை வார்மரில் கிடத்திவிட்டு, இன்னொன்றைக் கையில் ஏந்தியபடியே வார்மரின் கம்பியைப் பிடித்துச் சாய்த்துச் சரி செய்தார். வேதகிரி வாசலில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டருக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது.

வராந்தாவில் சுகிர்தா பச்சைச் சீட்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“சீட்டுல நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க மேடம்” என்றார். “காலையில கேட்டது என் தப்பு. அதுக்கு நான் லாயக்கில்ல.”

“இந்தக் கட்டடத்துல நீங்க வயரிங் பண்ணினது இந்த ரூம் மட்டுந்தானா?”

வேதகிரி தலையைக் குனிந்துகொண்டார்.

“இது இல்லாம இன்னும் ஆறு ரூம்.”

சுகிர்தா கட்டிலிருந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தாள். பிஸ்கட் டின்னின் மூடியைத் திறந்து, அவற்றை ‘பேஷன்ட்’டுக்குப் பக்கத்தில் வைத்து, டின்னை அவர் கையில் கொடுத்தாள். தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

“ஏழு ரூமுக்கு ஏழு சீட்டு இருக்கு அண்ணா. பேனா உங்ககிட்டயே இருக்கட்டும்.”