நாய் வந்த பக்கம்

"எனக்கு நம்பிக்கை போச்சு மாஸ்டர்," என்றான் பேச்சிராஜா. "எப்படியாவது திருப்பி வாங்கித் தரணும்."

சவரி மாஸ்டர் குத்தவைக்க முடியாமல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு நம்பிக்கை?"

"என் நம்பிக்கைதான்."

"எங்க வச்சுப் போச்சு?"

"புளியடி வளைவுல. மூணு வருஷம் ஆச்சு. மாவட்டப் பந்தயம். நான்தான் முன்னால போறேன். குறுக்க ஒரு நாய் வந்திருச்சு. பிரேக்கைப் புடிச்சேன், விழுந்துட்டேன். தோள்பட்டை ரெண்டா போச்சு. உள்ள தகடு வச்சிருக்காங்க."

எண்ணெய்க் குப்பி அப்படியே நின்றது. மாஸ்டர் தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் கிடைக்காதவர் மாதிரி இருந்தார்.

"திரும்பும் வே."

"என்ன மாஸ்டர்?"

"முதுகைக் காட்டி நில்லும்னு சொல்லுதேன்."

பேச்சி திரும்பி நின்றான். தையல் போட்ட இடத்தைப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, சட்டைக் காலரை வேறு இறக்கிக் காட்டினான்.

கழுத்து வலிக்கிற வரைக்கும் நின்றான்.

"சரி," என்றார் மாஸ்டர். "காலையில வாரும்."

சவரி மாஸ்டர் பேச்சியைவிட வயதில் இளையவர். அது ஒன்றே நம்ம ஆளுக்குத் தொண்டையில் முள். ஆனால் தூத்துக்குடி உப்பளத்துக்குப் பின்னால் போகிற அந்த ரோட்டில் மாஸ்டர் கையில் பழகின பிள்ளைகள் போகிற இடமெல்லாம் ஜெயித்துக்கொண்டு வந்தார்கள். வேறு வழி?

மாஸ்டருக்கு வலது முட்டி மடங்காது. மொபெட்டில் அந்தக் காலை வெளியே நீட்டிக்கொண்டுதான் பிள்ளைகளுக்குப் பின்னால் வருவார். அவர் கொட்டகைச் சுவரில் ஒற்றை பெடல் வைத்த சைக்கிள் ஒன்று தொங்கும். அதை அவர் இறக்கி யாரும் பார்த்ததில்லை.

ஒரு மனுஷன் இப்படி நடக்கிறானே, என்ன ஆச்சு என்று கேட்கலாம் இல்லையா? கேட்டால் வாய் தேய்ந்தா போகும்? நம்ம ஆளு கேட்கவில்லை. அவனுக்குத் தன் தகட்டைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை.

அவன் அவசரமும் பொய்யில்லை. அடுத்த மாசம் திருச்சியில் ரயில்வேக்கு ஆள் எடுக்கிற பந்தயம். இந்த வருஷத்தோடு அவனுக்கு வயசு முடிகிறது. இதை விட்டால் கடைசி வரைக்கும் மச்சான் செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கடைக்கு எவன் வந்தாலும் மச்சான் சொல்வான்: "இவருதான் எங்க வீட்டு சாம்பியன். கண்ணாடியைத் துடைங்க சாம்பியன்."

முதல் நாள் காலையில் உப்பளத்து ரோட்டில் தனியாக விட்டார் மாஸ்டர். நேர் ரோட்டில் பேச்சி பறந்தான். வளைவு வந்தது. கை தானாகப் பிரேக்குக்குப் போனது. கால் நின்றது. நடந்து போகிறவன்கூட முந்தியிருப்பான், அந்த வேகத்தில் திரும்பி வந்தான்.

"பாத்தீங்களா மாஸ்டர்? அந்த விழுந்ததுதான். அன்னைக்கு என்னை விட்டுப் போனதுதான்."

"நாய் என்ன நிறம்?"

"எந்த நாய்?"

"புளியடி நாய்."

"கறுப்பு."

"சரி. நாளைக்கு வாரும்."

மறுநாளும் வளைவு. மறுநாளும் பிரேக்.

"எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"எது மாஸ்டர்?"

"நாய்."

"இடது பக்கம். புளிய மரத்துக்கு அந்தாண்டயிருந்து."

"சரி."

அடுத்த வாரம் பூராவும் இதே கதை. வளைவில் எப்படிச் சாய வேண்டும், எந்தக் காலை இறக்க வேண்டும், ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை மாஸ்டர். நாய்க்கு வால் இருந்ததா என்றார். குரைத்ததா என்றார். கழுத்தில் பட்டை இருந்ததா என்றார். ஒரு நாள் பேச்சி வலது பக்கம் என்று சொல்லிவிட்டான். இன்னொரு நாள் செவலை என்றான். மாஸ்டர் எதையும் திருத்தவில்லை. எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

பேச்சிக்குப் பொறுமை போனது.

"மாஸ்டர், நான் சைக்கிள் கத்துக்க வந்தேனா, நாய்க்குச் சாதகம் எழுத வந்தேனா?"

"சைக்கிள் உமக்குத் தெரியும் வே."

"பின்னே என்னை என்னதான் செய்யப்போறீங்க?"

"நாளையிலயிருந்து பிள்ளைகளோட போம். கடைசி ஆளா."

கடைசி ஆள்! மாவட்ட சாம்பியனாக இருந்தவனுக்கு நேற்று மீசை முளைத்த பயல்களுக்கும் பின்னால் இடம். அவனுக்கு நேர் முன்னால் பிரிஸ்கா என்று ஒரு காலேஜ் பிள்ளை. பேச்சிக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆனால் மச்சான் குரலும் காதில் கேட்டது. போய் நின்றான்.

பந்தயக்காரர்கள் ஒருவன் பின்னால் ஒருவனாகத்தான் போவார்கள். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிப்பான். பின்னால் வருகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஆனால் முன் சக்கரத்துக்கும் முன்னவன் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும். ரோடு தெரியாது, வளைவு தெரியாது. முன்னவன் முதுகு மட்டும் தெரியும். அவன் போனால் போக வேண்டும், அவன் சாய்ந்தால் சாய வேண்டும்.

பேச்சி எப்போதும் முன்னால் போயே பழகியவன். முதல் நாளே வேர்த்துக் கொட்டிவிட்டது அவனுக்கு.

"என்ன வே, மூஞ்சி வெளிறிப் போயிருக்கு?"

"நான் பின்னால போகலை மாஸ்டர். அந்தப் பிள்ளை திடுதிப்புனு பிரேக் புடிச்சா என் கதி என்ன?"

மாஸ்டர் அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தார். பார்க்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு.

"என்ன ஆவீரு?"

"அவ மேல போயி விழுவேன். கை போகும், கால் போகும்."

"அவ உம்மைப் பாப்பாளா?"

"எப்படிப் பாப்பா? அவதான் முன்னால போறாளே."

"விழுந்து எழுந்திரிச்சப்புறம்?"

பேச்சிக்குக் கேள்வி புரியவில்லை.

"பின்னால வந்தவன் என்ன ஆனான்னு, அதுக்கப்புறமாவது திரும்பிப் பாப்பாளா?"

"பாக்கணும்ல மாஸ்டர்? மனுஷப் பிறவின்னா பாக்கணும்ல?"

"பாக்கணும்லா," என்றார் மாஸ்டர். மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நாயைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காதது பேச்சிக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கடையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்று யோசித்தான்.

திருச்சிப் பந்தயத்துக்குச் சில நாள் இருக்கும்போது அது நடந்தது.

காலை வெயில் உப்புக் குவியலில் பட்டுக் கண் கூசுகிற நேரம். அன்று பிரிஸ்கா எல்லாருக்கும் முன்னால். கடைசியில் பேச்சி. அவனுக்குக் கொஞ்சம் தள்ளி மொபெட்டில் மாஸ்டர். நல்ல வேகம்.

"நாயீ!"

முன்னாலிருந்து பிரிஸ்காவின் குரல். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து வலது பக்கம் ஒதுங்கச் சொல்லி வீசினாள். பிரேக் பிடிக்கவில்லை. அடுத்தவன் கத்தினான், நாயி. அதற்கடுத்தவன் கத்தினான். குரல் ஒவ்வொரு ஆளாகப் பின்னால் வந்தது, வரிசை மொத்தமும் வலது பக்கம் ஒதுங்கியது.

"நாயி!" என்று பேச்சியும் கத்தினான்.

ஒருத்தரும் விழவில்லை.

கொட்டகைக்கு வந்ததும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். பேச்சி சந்தோஷமாக இருந்தான். வளைவுக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தும் கை பிரேக்குக்குப் போகவில்லையே! அதைச் சொல்ல மாஸ்டரிடம் ஓடினான்.

"நாய் என்ன நிறம் வே?" என்றார் அவர்.

"நான் எங்க மாஸ்டர் பாத்தேன்? சத்தம்தான் கேட்டுச்சு."

"நீரும் கத்துனீரே."

"ஆமா, தானா வந்திருச்சு."

"தானா வரும். நாய் வந்தா வாயில தானா வரும். அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம்."

மாஸ்டர் நீட்டியிருந்த காலைக் கையால் தூக்கி வேறு பக்கம் வைத்தார்.

"புளியடியில எனக்கு ஒண்ணும் கேக்கலை வே."

பேச்சி அந்தக் காலைப் பார்த்தான். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் பார்த்தான். முட்டியைச் சுற்றித் தையல் வரிசையாக ஓடியிருந்தது.

"நீங்களா?"

"நான்தான். உம்ம பின் சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால."

"தெரியாது மாஸ்டர். சத்தியமாத் தெரியாது."

"எப்படித் தெரியும்? உம்ம தோள்பட்டையைத்தான் எல்லாரும் தூக்கிட்டு ஓடினாங்க. எனக்கும் உம்ம மூஞ்சி தெரியாது. முதுகுதான் தெரியும். அன்னைக்குக் காலையிலயிருந்து அந்த முதுகைத்தான் நம்பி வந்தேன். அதுக்கப்புறம் தூக்கத்துல வந்ததும் அதுதான். அந்த வருஷம் திருச்சிக்கு எனக்கும் பேரு வந்திருந்துச்சு."

பேச்சி அந்தத் தையலைப் பார்த்தபடியே சொன்னான்.

"நாய் வரலை மாஸ்டர்."

"ம்."

"ஒண்ணுமே வரலை. வளைவைப் பாத்தேன். பயமா இருந்துச்சு. கை போயிருச்சு."

"விழுததுக்கு முந்தியே பயமா?"

"முந்தியேதான்."

"அப்பம் எதை வே என்கிட்ட திருப்பி வாங்கித் தரச் சொன்னீரு?"

மூன்று வருஷமாக ஊர் பூராவும் சொல்லி, பெண்டாட்டியிடம் சொல்லி, மச்சானிடம் சொல்லி, கடைசியில் தானே நம்பிவிட்ட நாய் அது. அதுவும் இல்லாமல் வெறுங்கையாக நின்றான்.

"முதல் நாளே என்னைத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்குச் சேத்துக்கிட்டீங்க?"

"அந்த நாயை ஒரு தடவை பாத்திரணும்னு ஆசை."

"மன்னிச்சிருங்க மாஸ்டர்."

"மன்னிக்கல்லாம் மாட்டேன்," என்றார் மாஸ்டர். குரலை உயர்த்தவில்லை. "அதுக்கு வேற ஆளைப் பாரும்."

எல்லாம் முடிந்தது என்று பேச்சி சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். கடைக்குப் போக வேண்டியதுதான். கண்ணாடி காத்துக்கொண்டிருக்கும்.

"எங்க வே போறீரு?"

திரும்பிப் பார்த்தான். மாஸ்டர் சுவரிலிருந்து அந்த ஒற்றை பெடல் சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்தபடி வாய் பிளந்து நின்றார்கள். மாஸ்டர் இடது பாதத்தைப் பெடலில் வைத்து வாரால் இறுக்கினார். மடங்காத காலை முன் கம்பியில் கட்டியிருந்த கட்டையில் தூக்கி வைத்தார்.

"முன்னால போம்."

"வேண்டாம் மாஸ்டர்."

"ஒத்தக் காலு வே எனக்கு. காத்தை நீருதான் கிழிக்கணும்."

"மாஸ்டர், உங்க காலைத் தொட்டுக் கும்பிடுதேன். பின்னால மட்டும் வராதீங்க."

"திருச்சியில உமக்குப் பின்னால ஆளே வர மாட்டானா?"

பேச்சி ஏறினான். இரண்டு தடவை பெடல் வழுக்கியது. மூன்றாவது மிதியில் சைக்கிள் நகர்ந்தது.

உப்பளத்து ரோடு நேராகக் கிடந்தது. வேகம் ஏறியது. முதுகுக்குப் பின்னால் ஒற்றை பெடலின் சத்தம் கேட்டது. ஒரு மிதி, ஒரு இடைவெளி, ஒரு மிதி. விலகவில்லை அது. ஒரு சாணுக்கு மேல் போகவே இல்லை.

வளைவு தெரிந்தது.

பேச்சியின் விரல்கள் நெளிந்தன. பிரேக் கம்பி ஜில்லென்று விரலில் பட்டது.

பின்னாலிருந்து சவரி மாஸ்டரின் குரல் வந்தது.

"பயமா இருந்தா தாராளமாப் புடியும் வே. எனக்கு இன்னும் ஒரு முட்டி பாக்கி இருக்கு."