முதல் தீர்த்தம்

குடமுழுக்கு நாளன்று, தீர்த்தம் தெளிக்க வந்த ட்ரோன் ஓட்டுநர் பேராச்சியை அறங்காவலர் சங்கரலிங்கம் அழைத்தார்.

"ஏம்மா, சனங்க தலைக்கு மேலேயே தாழப் பறக்க விடு."

"விதி இடங்கொடுக்காது ஐயா. விழுந்தா மண்டை உடையும். என் உரிமமும் போயிரும்."

"வயலுக்கு மருந்தடிக்கிற தும்பி இது. இதுக்குப் போயி பயமா? மாட்டேன்னா வேற ஆளைக் கூப்பிடுதேன்."

"சரிங்கய்யா. முதல் மரியாதை உங்களுக்குத்தானே? கோயில் திடல்ல தனியா நில்லுங்க. முதல் தீர்த்தமும் உங்க தலையிலதான்."

மரியாதையை மறுக்க இயலாமல், பரிவட்டத்துடன் அவர் நின்றார். திடலின் மறுகோடியில் ட்ரோன் இரைந்து எழுந்ததுமே, பரிவட்டம் கழன்று விழ, தேர் நிற்கும் தேர்முட்டி வரை ஓடினார்.

பேராச்சி ட்ரோனைத் தரையிறக்கினாள்.

"ஐயா இப்ப நிக்கிற இடத்துல கயிறு கட்டுங்க. கூட்டம் அதுக்கு அந்தப்பக்கம் நிக்கட்டும்."

கயிற்றின் முதல் முனையைப் பிடித்தவர் சங்கரலிங்கமே. ட்ரோன் மீண்டும் எழுந்து ஆளில்லாத திடலின் மேல் தெளிக்க, காற்று தீர்த்தத்தை அனைவரிடமும் கொண்டுசேர்த்தது.