புருவத்தால் வாசித்த மோகனம்

செங்கமலத்துக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. அதனால் நெற்றியில் கட்டுகிற பட்டையும் ஒலிப்பெட்டியுமாக ஒரு மின்னிசைக் கருவியை அவளே யோசித்து, டிவி மெக்கானிக் ஒருவரை விடாமல் நச்சரித்துச் செய்ய வைத்தாள். புருவம் ஏறினால் சுரம் ஏறும், இறங்கினால் இறங்கும்.

இசைப்போட்டியில் அவள் மோகனம் வாசித்து முடித்ததும் நடுவர் நாகசாமி பாகவதர் மைக்கைப் பிடுங்கினார். பாடும்போது முகத்தை அஷ்டகோணலாக்குவதில் பேர்போனவர் அவர்.

“விரலே படாம என்னம்மா வாசிப்பு? பெட்டிக்குள்ள பாட்டைப் பதிஞ்சு வச்சு ஊரை ஏமாத்துறியா? இவ பேரை அடிங்கய்யா!”

“பதிஞ்ச பாட்டுன்னா யார் கட்டினாலும் இதே மோகனம்தானே வரணும்? நீங்களே கட்டிக்கிட்டு சும்மா உக்காருங்க ஐயா” என்றாள் செங்கமலம்.

பாகவதர் அவள் நெற்றியிலிருந்த பட்டையைக் கழற்றித் தன் நெற்றியில் கட்டிக்கொண்டு, அலட்சியமாகப் புருவத்தைத் தூக்கினார். ஸ்பீக்கர் வீலென்று அலறியது. திடுக்கிட்டு முறைத்தார். எருமை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். சபை விழுந்து விழுந்து சிரிக்க, அவர் முகம் கோணக் கோண, கருவி ஊளையிட்டது.

பட்டையைப் பிய்த்தெறிந்து, “என்ன கண்றாவி இது?” என்று கத்தினார்.

“உங்க வாசிப்புதான் ஐயா. பதிஞ்சதா இருந்தா நல்லா இருந்திருக்குமே!”